பரிமாறப்படுவது உணவா, பெண்ணா?

இன்று உணவகத்துக்குச் செல்பவர்கள் பசிக்காக மட்டும் செல்வதில்லை. சுற்றுச்சூழல், இசை, அலங்காரம், பணியாளர்களின் உடை என அனைத்தும் சேர்ந்த ஓர் அனுபவத்துக்காகவே பலரும் பணம் செலவிடுகிறார்கள். பூனைகள் உலவும் காப்பிக்கடை, கேலிச்சித்திரக் கதாபாத்திரங்கள் நிறைந்த உணவகம், பழைய காலக் கிராமம் போல் அமைக்கப்பட்ட சாப்பாட்டுக் கடை என்று இவற்றில் பல வகை உண்டு. கருப்பொருள் உணவகம் என்று இவற்றைக் குறிப்பிடுவார்கள். குடும்பத்தோடு சென்று மகிழ்ந்து வருவதற்கு ஏற்ற இடங்களே பெரும்பாலானவை.

ஆனால், அந்தக் கருப்பொருளே பெண்ணின் உடலாக இருந்தால்? தட்டில் இருக்கும் கோழிக்கறியைவிட, தட்டை ஏந்தி வரும் பெண்தான் முக்கிய விற்பனைப் பொருள் என்றால்? வேடிக்கை எங்கே முடிகிறது, இழிவு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அமெரிக்காவில் தொடங்கி ஆசியா வரை பரவிய இந்த வணிகமுறை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. நீதிமன்றங்களும் உளவியல் ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பகுதி நேர வேலை தேடும் பிள்ளைகள் உள்ள நம் குடும்பங்களும் பேச வேண்டிய விஷயம் இது.

முயல் காதுகளில் தொடங்கிய கதை

1960-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் முதல் பிளேபாய் கேளிக்கை மன்றம் திறக்கப்பட்டது. அங்கு மதுவும் உணவும் பரிமாறிய பெண்களுக்கு இறுக்கமான உள்ளாடை போன்ற சீருடை, தலையில் முயல் காது, பின்னால் பஞ்சு வால். 'முயல்' என்பதே அவர்களின் பதவிப் பெயராகவும் இருந்தது.

1963-இல் குளோரியா ஸ்டைனம் என்ற பெண் செய்தியாளர் பொய்ப்பெயரில் அங்கு வேலைக்குச் சேர்ந்தார். தமது அனுபவத்தை ஒரு சஞ்சிகையில் இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். விளம்பரத்தில் சொல்லப்பட்ட வருமானம் கைக்கு வருவதில்லை, உயரமான குதிகால் காலணியோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டும், பரிமாறும் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும், தோற்றத்தில் சிறு குறை இருந்தாலும் குறைப்புள்ளி விழும் என்பவை வெளிச்சத்துக்கு வந்தன. வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அது பளபளப்பான வாழ்க்கை. உள்ளே இருந்தவர்களுக்கு அது கால்வலியும் குறைந்த சம்பளமும் நிறைந்த பரிமாறும் வேலை.

அந்த மன்றங்கள் 1980களில் மூடப்பட்டன. ஆனால், அதே எண்ணம் வேறு வடிவில் மீண்டும் வந்தது.

ஆந்தைப் பெயரும் இரட்டை அர்த்தமும்

1983-இல் புளோரிடா மாநிலத்தின் கிளியர்வாட்டர் நகரில் ஆறு வணிகர்கள் சேர்ந்து ஹூட்டர்ஸ் உணவகத்தைத் தொடங்கினார்கள். அதன் சின்னம் ஆந்தை. ஆந்தையின் அலறலைக் குறிக்கும் அந்தப் பெயர், அமெரிக்கக் கொச்சைப் பேச்சில் பெண்ணின் மார்பகத்தையும் குறிக்கும். அந்த இரட்டை அர்த்தம் தற்செயலானது அன்று. இறுக்கமான வெள்ளை மேல்சட்டை, ஆரஞ்சு நிறக் குட்டைக் கால்சட்டை அணிந்த இளம்பெண்கள் மட்டுமே அங்கு பரிமாறினார்கள். கோழி இறக்கையும் பியரும் எந்தக் கடையிலும் கிடைக்கும். இங்கு வாடிக்கையாளரை இழுத்தது அந்தச் சீருடைதான்.

வணிகம் வேகமாக வளர்ந்தது. 1990களில் சிங்கப்பூரின் கிளார்க் கீ பகுதிக்கும் இந்த உணவகம் வந்து சேர்ந்தது. உச்சக்கட்டத்தில் பல நாடுகளிலும் சேர்த்து நானூறுக்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. 2003 முதல் 2006 வரை அந்தப் பெயரில் ஒரு விமானச் சேவைகூட நடத்தப்பட்டது. இதைப் பார்த்து அமெரிக்காவில் வேறு சில நிறுவனங்களும் அதே பாணியில் உணவகங்களைத் திறந்தன.

ஆசியாவில் வேறொரு வகை உருவானது. 2001-இல் தோக்கியோவின் அகிஹபாரா வட்டாரத்தில் முதல் நிரந்தரப் 'பணிப்பெண் காப்பிக்கடை' திறக்கப்பட்டது. அக்காலத்து ஐரோப்பிய வீட்டு வேலைக்காரியின் உடையணிந்த பெண்கள், வாடிக்கையாளரை வீடு திரும்பிய எசமானர் போல் வரவேற்கும் பாணி இத்தகைய கடைகளில் பரவியது. இங்கு உடல் அதிகம் வெளிப்படுவதில்லை, தொடுவதற்கும் தடை உண்டு. ஆயினும், பணிவும் குழந்தைத்தனமும் கொண்ட பெண்ணே இனிமையானவள் என்ற கற்பனைதான் அங்கே விற்கப்படுகிறது. ஒரு கடை கவர்ச்சியை விற்கிறது, இன்னொன்று அடிபணிதலை விற்கிறது.

போகப்பொருள் என்றால் என்ன?

பெண்ணைப் போகப்பொருளாக்குதல் என்ற சொற்றொடர் மேடைகளில் அடிக்கடி கேட்பதுதான். அதன் பொருள் என்ன என்பதை அமெரிக்கத் தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் 1995-இல் எழுதிய கட்டுரையில் தெளிவாக வகுத்திருக்கிறார். ஒருவரைப் பொருளாக நடத்துவதற்கு ஏழு அடையாளங்களை அவர் சொல்கிறார். பிறர் நோக்கத்துக்கான வெறும் கருவியாகப் பயன்படுத்துவது ஒன்று. சுயமாக முடிவெடுக்கும் உரிமையை மறுப்பது மற்றொன்று. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரை எளிதில் மாற்றிவிடலாம் என்று கருதுவதும், அவருடைய உணர்வுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விடுவதும் அந்தப் பட்டியலில் உள்ளன.

இந்த அளவுகோலை உணவகத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரே சீருடை, ஒரே சிரிப்பு, ஒரே வயது. ஒருத்தி போனால் அவளைப் போலவே இன்னொருத்தி. வாடிக்கையாளர் தகாத முறையில் பேசினாலும் முகம் சுளிக்கக் கூடாது. எனவே, உடை குட்டையா நெட்டையா என்பது மட்டும் இங்கே கேள்வி ஆகாது. அவள் விரும்பாதபோது "வேண்டாம்" என்று சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி.

"அவர்களே விரும்பித்தானே சேருகிறார்கள்?"

இந்த வணிகத்தை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் முதல் வாதம் இது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, வயது வந்த பெண் தன் விருப்பப்படி வேலை செய்கிறாள், அதைத் தடுப்பது அவளுடைய உரிமையைப் பறிப்பதாகாதா என்று கேட்கிறார்கள்.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இத்தகைய வேலையில் கிடைத்த பணத்தைக் கொண்டு படித்து முன்னேறிய பெண்கள் உண்டு. ஒரு பெண் எதை உடுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஊரில் யாருக்கும் இல்லை. ஆனால், தன் விருப்பப்படி உடுத்துவது வேறு, முதலாளியின் லாபத்துக்காக உடுத்தும்படி பணிக்கப்படுவது வேறு. முதலாவதில் முடிவு அவளுடையது. இரண்டாவதில் உடையை மறுத்தால் வேலை போகும்.

அமெரிக்காவில் இந்த விருப்பத்தின் பின்னால் சம்பள முறையும் இருக்கிறது. அங்கு அன்பளிப்புப் பெறும் ஊழியர்களுக்கான மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2 டாலர் 13 காசு. 1991 முதல் அந்தத் தொகை மாறவே இல்லை. மற்ற ஊழியர்களுக்கு 2009 முதல் 7 டாலர் 25 காசு. சில மாநிலங்கள் இதைவிட அதிகம் கொடுக்கச் சட்டம் இயற்றியுள்ளன என்றாலும், பல இடங்களில் பரிமாறுபவரின் வருமானம் வாடிக்கையாளர் விட்டுச்செல்லும் அன்பளிப்பையே நம்பியிருக்கிறது. வாடகைப் பணம் யார் கையில் இருக்கிறதோ அவருடைய அத்துமீறலைக் கண்டிக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? சிரித்துச் சமாளிப்பதே அங்கு பிழைக்கும் வழியாகிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஹூட்டர்ஸ் நிறுவனம், வேலைக்குச் சேரும் பெண்களிடம் ஓர் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கி வந்தது. இங்கு பெண் கவர்ச்சியை அடிப்படையாகக் கொண்ட கேலிப்பேச்சுகள் வழக்கமானவை என்பதை அறிந்தே சேருகிறேன் என்பது அதன் சாரம். பிற இடங்களில் தொல்லை என்று புகார் செய்யக்கூடியதை, இங்கு வேலையின் ஒரு பகுதியாக முன்கூட்டியே ஏற்கச் செய்வதாகாதா இது?

2021-இல் அந்த நிறுவனம் சீருடைக் கால்சட்டையை மேலும் குட்டையாக்கியபோது, உள்ளாடையைப் போல் இருப்பதாகப் பணிப்பெண்களே சமூக ஊடகங்களில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பழைய கால்சட்டையையோ புதியதையோ அவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று நிர்வாகம் பின்வாங்கியது. விரும்பிச் சேர்ந்தவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்தப் பெண்களே உலகுக்கு உணர்த்தினார்கள்.

நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், ஆண் பெண் என்ற அடிப்படையில் வேலை மறுக்கக் கூடாது என்கிறது. ஒரு வேலையின் அடிப்படைத் தேவைக்கு ஒரு பாலினம்தான் பொருந்தும் என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு உண்டு.

இந்த விலக்கு விமானத் துறையில் சோதிக்கப்பட்டது. பயணிகள் பெண் பணியாளர்களையே விரும்புகிறார்கள் என்று பான் அமெரிக்கன் நிறுவனம் வாதிட்டது. விமானத்தின் அடிப்படை வேலை பயணிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதே என்று கூறி, 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. கவர்ச்சியான பெண்களை முன்னிறுத்தி விளம்பரம் செய்துவந்த சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கும் 1981-இல் அதே பதில் கிடைத்தது. வாடிக்கையாளர் விரும்புகிறார் என்பதற்காகப் பாகுபாடு நியாயமாகிவிடாது என்பதே இரண்டு தீர்ப்புகளின் சாரம்.

ஹூட்டர்ஸ் விஷயத்தில் வழக்கு வேறு திசையில் சென்றது. ஆண்களைப் பரிமாறும் வேலைக்கு எடுப்பதில்லை என்பதற்காக, அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 1990களின் தொடக்கத்தில் விசாரணை நடத்தியது. நிறுவனம் 1995-இல் பெரும் விளம்பர இயக்கம் நடத்தியது. மீசை வைத்த ஓர் ஆணுக்குப் பணிப்பெண் சீருடை அணிவித்துப் படம் வெளியிட்டு, அரசாங்கத்தைக் கேலி செய்தது. நாடே சிரித்தது. 1996-இல் ஆணையம் விசாரணையைக் கைவிட்டது. 1997-இல் ஆண்கள் சிலர் தொடுத்த வழக்கு 37.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. மதுக்கூட ஊழியர் போன்ற சில பணிகளை ஆண்களுக்கும் திறந்துவிட ஒப்புக்கொண்ட நிறுவனம், பரிமாறும் பெண்கள் என்ற அமைப்பை மட்டும் காப்பாற்றிக்கொண்டது.

அந்தச் சிரிப்பில் ஒரு முக்கியக் கேள்வி அமிழ்ந்துபோனது. நாங்கள் விற்பது வெறும் உணவன்று, பெண்ணின் கவர்ச்சியும் சேர்ந்ததுதான் என்று சொன்னால்தான் அந்த நிறுவனம் சட்ட விலக்கைக் கோர முடியும். குடும்பங்கள் வரும் உணவகம் என்று விளம்பரம் செய்வதும், கவர்ச்சியே எங்கள் தொழில் என்று வழக்கில் வாதிடுவதும் எப்படி ஒத்துப்போகும்?

தோற்றத்தை வைத்து ஆள் எடுக்கும் இடத்தில் வேறு பாகுபாடுகளும் எளிதில் நுழையும். வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோ கிளை குறித்து அதே ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்தது. கொவிட் காலத்தில் நிறுத்தப்பட்ட பணிப்பெண்களை 2020-இல் மீண்டும் அழைத்தபோது, வெள்ளை நிறத்தவருக்கும் வெளிர்நிறத்தவருக்கும் முன்னுரிமை தரப்பட்டது என்பது குற்றச்சாட்டு. முன்பு பாதியளவு இருந்த கறுப்பினப் பெண்களின் பங்கு, பின்னர் 8 விழுக்காடாகக் குறைந்ததாக ஆணையம் கூறியது. 2024-இல் அந்த வழக்கு 250,000 டாலருக்குச் சமரசமானது. நிறம் பார்த்துப் பெண் தேடும் வழக்கத்தை நன்கறிந்த நம் சமூகத்துக்கு இதன் வலி புரியாமல் போகாது.

மனத்தில் படியும் பாதிப்பு

பார்ப்பதால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 1997-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி ஆன் ராபர்ட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். எப்போதும் உடலை வைத்தே எடைபோடப்படும் பெண், காலப்போக்கில் தன்னையும் பிறர் கண்ணால் பார்க்கப் பழகிவிடுகிறாள். தன் எண்ணம், திறமை, உடல்நலம் ஆகியவற்றைவிடத் தான் எப்படித் தோன்றுகிறோம் என்ற கவலையே அவளை ஆட்கொள்கிறது.

1998-இல் வெளியான ஒரு சோதனை இதை எளிமையாகக் காட்டியது. கல்லூரி மாணவர்களில் சிலருக்குக் குளிர்சட்டையும் சிலருக்கு நீச்சலுடையும் கொடுத்து, தனியறையில் கண்ணாடி முன் அணியச் செய்தார்கள். அந்த உடையிலேயே கணிதக் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். நீச்சலுடை அணிந்த பெண்கள் மற்றப் பெண்களைவிடக் குறைவான மதிப்பெண் பெற்றார்கள். ஆண்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. அறையில் வேறு யாரும் இல்லாதபோதே இந்த நிலை என்றால், எட்டு மணி நேரம் பல கண்களுக்கு முன் நிற்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

ஆண்களையும் இது பாதிக்கிறது. பணம் கொடுத்தால் பெண் சிரித்தே ஆக வேண்டும் என்று ஓர் இளைஞன் கற்றுக்கொண்டால், அந்தப் பாடத்தை அவன் உணவகத்திலேயே விட்டுவிட்டு வருவதில்லை. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அதைக் கொண்டுவருகிறான்.

ஆண்களும்தானே இப்படிக் காட்சிப்பொருளாகிறார்கள் என்ற கேள்வியும் எழலாம். 2006-இல் தோக்கியோவில் பெண் வாடிக்கையாளர்களுக்காக ஆண் பணியாளர் காப்பிக்கடை ஒன்றும் திறக்கப்பட்டது. இழிவு இரு பாலருக்கும் பொதுவானால் அது இழிவு இல்லை என்று ஆகிவிடாது. அளவிலும் விளைவிலும் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

நம் வாசலில்

அமெரிக்காவைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. பேரங்காடிகளிலும் கண்காட்சிகளிலும் பொருளுக்குப் பக்கத்தில் குட்டைப் பாவாடையோடு நிறுத்தப்படும் விளம்பரப் பெண்களை நாம் பார்த்துக்கொண்டுதான் கடக்கிறோம். சாப்பாட்டுக் கடைகளில் பியர் நிறுவனத்தின் சீருடையோடு மேசை மேசையாகச் செல்லும் பெண்களும் நமக்குப் புதியவர்கள் அல்லர்.

சிங்கப்பூரில் இந்தியப் பாடல்களுக்கு ஆடும் பெண்களுக்கு வாடிக்கையாளர்கள் பணம் கட்டி மாலை அணிவிக்கும் கேளிக்கைக் கூடங்களும் இருந்துவந்துள்ளன. கோயிலிலும் திருமண மேடையிலும் மரியாதைக்குரிய மாலை, அங்கே ஒரு பெண்ணின் விலைச்சீட்டாகிறது. இத்தகைய கூடங்களில் ஆட வந்த வங்காளதேசப் பெண்களைச் சுரண்டியதற்காக, ஒரு தம்பதி 2019-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2020-இல் ஆளுக்கு ஐந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். வேலைச் சுரண்டலுக்காக ஆள்கடத்தல் சட்டத்தின்கீழ் சிங்கப்பூரில் வழங்கப்பட்ட முதல் தண்டனை அது.

சட்டம் தரும் துணை

மலேசியாவில் 1999-இல் வேலையிடப் பாலியல் தொல்லைக்கான நன்னடத்தை விதிமுறை வெளியிடப்பட்டது. 2012-இல் வேலைச் சட்டத்தில் இதற்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. 2022-இல் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் தனியாகவே நிறைவேறியது. அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றம், பாதிக்கப்பட்டவருக்கு 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க ஆணையிடலாம். தொல்லை தருபவர் முதலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாடிக்கையாளர் மீதும் புகார் செய்யலாம்.

சிங்கப்பூரில் 2014-இல் நிறைவேறிய தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. 2027 இறுதிக்குள் அதை நடப்புக்குக் கொண்டுவர அரசாங்கம் திட்டமிட்டுள்ளது. பாலினம், இனம், வயது, கர்ப்பம் முதலியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கும். வேலையின் உண்மையான தேவைக்கு மட்டும் விலக்கு உண்டு. அழகை விற்பது உண்மையான தேவையா என்ற அதே பழைய கேள்வி இங்கும் ஒரு நாள் எழக்கூடும்.

குடும்பங்கள் செய்யக்கூடியது

பள்ளி விடுமுறையிலும் கல்லூரிக் காலத்திலும் பிள்ளைகள் உணவகங்களில் வேலை பார்ப்பது இயல்பு. வேலைக்குச் சேருமுன் சீருடை என்ன, அதை மறுக்க முடியுமா, சம்பளம் நிலையானதா, வாடிக்கையாளர் எல்லை மீறினால் மேலாளர் என்ன செய்வார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கையொப்பமிடும் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்கலாம். தொல்லை நேர்ந்தால் நாள், நேரம், சொன்ன சொல், பார்த்தவர் ஆகியவற்றை அன்றே எழுதிவைப்பது பின்னர் பேருதவியாக இருக்கும். மலேசியாவில் தொழிலாளர் இலாகாவும், சிங்கப்பூரில் நியாயமான வேலை நியமன முறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியும் புகார்களை ஏற்கின்றன.

இதைவிட முக்கியம், வீட்டில் பேசும் முறை. தொல்லைக்கு ஆளான மகளிடம், "அந்த உடையில் போனால் வேறென்ன நடக்கும்?" என்று முதலில் கேட்டால், அவள் இரண்டாவது முறை வாய் திறக்க மாட்டாள். உடையைத் தேர்ந்தெடுத்தது நிறுவனம், எல்லை மீறியது வாடிக்கையாளர். குற்றம் மட்டும் அவள் மீதா?

வாடிக்கையாளர் என்ற முறையில் நம் கையிலும் பலம் உண்டு. பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த ஹூட்டர்ஸ் நிறுவனம், 2025 மார்ச்சில் சுமார் 37 கோடி டாலர் கடனோடு அமெரிக்க நீதிமன்றத்தில் நொடிப்புப் பாதுகாப்புக் கோரியது. விலைவாசி, கடன் சுமை, மாறிவிட்ட ரசனை எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அதன் தொடக்கக்கால உரிமையாளர்களோடு தொடர்புடைய குழு, குடும்பங்கள் வரக்கூடிய இடமாக அதை மாற்றப்போவதாக அறிவித்தது. கவர்ச்சி மட்டும் கடையைக் காப்பாற்றவில்லை என்பதை அவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

உணவு பரிமாறுவது நம் பண்பாட்டில் உயர்ந்த செயல். இலை போட்டு அன்னமிடும் கையை வணங்கிய மரபு நம்முடையது. அந்தக் கை தாயுடையதாக இருந்தாலும், கூலிக்கு வேலை செய்யும் முகம் தெரியாத பெண்ணுடையதாக இருந்தாலும் மரியாதை ஒன்றுதான். அடுத்த முறை உணவகத்தில் அமரும்போது, தட்டை வைக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒரு நன்றி சொல்வோம். அதைப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளையும் பார்க்கட்டும்.